ஒரே கடிதம் எத்தனை தடவை வரும்?

இந்த மாதம் சட்டமும் இல்லை, போசாக்கும் இல்லை. கொம்பியூட்டரைப் பற்றி எழுதப்போகிறேன். "இது எங்களுக்கு எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் தோழிகளே. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் நான் போய்வரும் சங்க அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழும் ஒரு முறைப்பாடு இது. நேற்று வந்த மின்னஞ்சல்கள் இன்றும் வருகின்றன. நாளையும் வரும். புதிதாக வந்தது மூன்று கடிதம் என்றால் திரையில் இறங்குவது முந்நூற்று மூன்று. அழித்தாலும் வரும், கணணியை நிறுத்திப் போட்டாலும் வரும்.

"அக்கா, இதுக்குள்ள என்னவோ பூந்திட்டுது" என்றாள் ஒரு சங்கத்தில் எழுதுவினைஞராக இருக்கும் தங்கச்சி. வைரஸ் என்று அவளுக்குப் பயம். தலைவி அம்மாவின் தீர்ப்பு வேறு: "பிள்ளை, இவள் எதையோ அமத்திப்போட்டாள்." எந்த அலுவலகத்திலும் கணணி பிழைத்தால் முதலில் கூண்டில் ஏற்றப்படுபவள் அதன் முன்னால் இருக்கும் இளம்பெண்தான். பிரின்டர் கடதாசியை விழுங்கினாலும் அவள்தான், லைன் போனாலும் அவள்தான். அடுத்ததாக, பட்டணத்திலிருந்து ஒரு தம்பியைக் கூப்பிடுவார்கள். அவர் வந்து பார்த்து, "போர்மட் அடிக்கவேணும்" என்பார். போர்மட் அடிப்பதென்றால் கணணியில் உள்ள எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மீண்டும் தொடங்குவது. இந்தப் பிரச்சினைக்கு அது மருந்தே அல்ல. ஏன் என்பது கீழே வரும். பழைய கணக்கறிக்கைகளும் பயனாளிகள் பட்டியலும் போய், காசும் போய், அதற்குப் பிறகும் அந்த முந்நூறு கடிதங்கள் திரும்ப வந்து நிற்கும்.

ஆகவே, கதவைத் திறந்து உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இது தையல் மெசினில் நூல் அறுவதற்குக் காரணம் தேடுவது போலத்தான். ஊசியா, நூலா, நூல் போகும் இறுக்கமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் அகப்படும்.

மின்னஞ்சல் நேரே எங்கள் மேசைக்கு வருவதில்லை. எங்கோ தூரத்தில் இரவு பகலாக இயங்கும் ‘சேர்வர்’ என்ற கணணியில்தான் அது முதலில் வந்து தங்குகிறது. எங்கள் அலுவலகக் கணணியில் உள்ள மின்னஞ்சல் மென்பொருள் (அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்றவை) அந்த சேர்வருக்குப் போய், கதவைத் தட்டி, பெயரும் கடவுச்சொல்லும் சொல்லி, கடிதங்களை எடுத்துவருகிறது. எடுத்துவரும் முறைகளில் பழையதும் இன்றும் பல சங்கங்களின் கணக்குகளில் இருப்பதும் ‘பொப் 3’ என்பது. ‘போஸ்ட் ஒபிஸ் புரோட்டோகோல்’ என்பதன் சுருக்கம் அது. தபாலக நடைமுறை என்று தமிழில் சொல்லலாம். பெயரிலேயே தபாலகம் இருப்பதால் எங்கள் ஊர் உப தபாலகத்தையே வைத்து விளங்கிக்கொள்ளலாம்.

தபாலகத்துக்குப் போய்க் கடிதத்தை வாங்கினால் அது எங்கள் கைக்கு வந்துவிடும், தபாலகத்தில் இருக்காது. மின்னஞ்சல் அப்படியல்ல. எங்கள் மென்பொருள் எடுத்துவருவது பிரதி மாத்திரமே. மூலக்கடிதம் சேர்வரிலேயே கிடக்கிறது. அதை அழித்துவிடு என்று தனியாகச் சொன்னால்தான் அழியும். பெரும்பாலான அலுவலகங்களில் அப்படிச் சொல்வதில்லை. ‘சேர்வரில் ஒரு பிரதியை விட்டுவை’ என்ற கட்டத்தில் சரி அடையாளம் போட்டிருப்பார்கள். அதற்கும் நியாயம் உண்டு, இரண்டு பேர் இரண்டு கணணியில் பார்க்கலாம் அல்லவா.

சரி, மூலக்கடிதங்கள் எல்லாம் அங்கேயே கிடந்தால், அடுத்த முறை போகும்போது எது பழையது, எது புதியது என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? சேர்வர் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓர் அடையாள இலக்கம் கொடுக்கிறது. எங்கள் மென்பொருள் தான் எடுத்த கடிதங்களின் இலக்கங்களை ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை போய், சேர்வரிடம் இலக்கப் பட்டியலைக் கேட்டு, தன் கோப்போடு ஒப்பிட்டு, இல்லாதவற்றை மட்டும் எடுத்துவருகிறது. சங்கத்தில் கடிதம் வந்தால் பதிவுப் புத்தகத்தில் இலக்கம் போடுகிறோமே, அதே வேலைதான்.

ஒரே கடிதங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்றால் அநேகமாக இந்தப் பதிவு வேலை எங்கோ குழம்பியிருக்கிறது. புத்தகம் பழுதாகியிருக்கலாம். புத்தகத்தில் எழுதுமுன்பே லைன் அறுந்திருக்கலாம். அல்லது சேர்வர் பக்கத்தில் எல்லாக் கடிதங்களுக்கும் புது இலக்கம் போட்டிருக்கலாம். போர்மட் அடித்தால் பதிவுப் புத்தகம் முழுவதுமாகப் போய்விடும். எல்லாம் புதுக்கடிதம் என்று எண்ணி மென்பொருள் அத்தனையையும் மறுபடி அள்ளிவரும். அதனால்தான் அந்தத் தம்பியின் வைத்தியம் பலிப்பதில்லை.

லைன் அறுவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பொப் 3 முறையின் விதிகளை 1996 மே மாதத்தில் ஜோன் மயர்ஸ், மார்ஷல் ரோஸ் என்ற இருவர் எழுதிய ஆவணம் வரையறுக்கிறது. ஆர்.எப்.சி. 1939 என்பது அதன் இலக்கம். அதில் ஒரு விதி இருக்கிறது. ‘இந்தக் கடிதத்தை அழி’ என்று மென்பொருள் சொன்னவுடனே சேர்வர் அழிப்பதில்லை. அழிக்கவேண்டியது என்று குறித்து மட்டும் வைக்கும. எல்லா வேலையும் முடிந்து, ‘போய்வருகிறேன்’ என்ற பொருளில் ‘குவிட்’ என்ற கட்டளையை மென்பொருள் சொன்ன பிறகுதான் உண்மையில் அழிக்கும். விடைபெறாமல் இடையில் தொடர்பு அறுந்துபோனால், ஒன்றும் நடக்காதது போல எல்லாக் கடிதங்களையும் அப்படியே வைத்திருக்கும். எனக்கு இந்த விதி பிடிக்கும். பாதிவழியில் லைன் போன ஒருவருடைய கடிதத்தைத் தொலைப்பதைவிட இரண்டு தடவை கொடுப்பது நல்லதுதானே.

மென்பொருளின் பக்கத்திலும் இதுபோல ஒன்று நடக்கும். எடுத்துமுடித்து வெளியே வரும்போதுதான் பதிவுப் புத்தகத்தில் எழுதும் பழக்கம் சில மென்பொருள்களுக்கு உண்டு. நூறு கடிதம் இறங்கி நூற்றோராவது கடிதத்தில் லைன் அறுந்தால், அந்த நூறும் பதிவாகாமல் போய்விடும். பத்து நிமிடத்தில் மென்பொருள் தானாகவே மறுபடி போகும். மறுபடி நூறு இறங்கும். மறுபடி அதே நூற்றோராவதில் அறும்.

அந்த நூற்றோராவது பெரும்பாலும் ஒரு பெரிய கடிதம், படங்கள் இணைத்த கடிதம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் பல இந்தக் கரைக்கு வந்த காலத்தில் நான் பள்ளிக்கூடப் பிள்ளை. அப்போது வேலை செய்த மூத்த அக்காமார் சொல்லக் கேட்டிருக்கிறேன். கட்டிய வீட்டின் படம், கொடுத்த தோணியின் படம், கூட்டத்தின் படம் என்று எல்லாம் மின்னஞ்சலில் போகும், வரும். தொலைபேசி லைனில் இயங்கிய மோடத்துக்கு ஏட்டில் 56 கிலோபிட் வேகம், நடப்பில் 40 கிடைத்தாலே பெரிய காரியம். 5 மெகாபைட் படக்கடிதம் ஒன்று அந்த வேகத்தில் இறங்க ஏறத்தாழ 17 நிமிடம் வேண்டும். பன்னிரண்டாவது நிமிடத்தில் லைன் விழும். திரும்ப முதலிலிருந்து. தொலைபேசிக் கட்டணம் நிமிடக் கணக்கில் ஏறும். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்த இடத்தில் வாவியைப் ‘பாதை’யில்தான் கடந்தார்கள். லைனோடு மல்லுக்கட்டுவதைவிட அறிக்கையை சீடியில் போட்டுப் பாதையில் கொடுத்தனுப்புவது விரைவு என்பார்கள் அந்த அக்காமார். சிரிப்புக்குச் சொன்னார்களோ தெரியாது, ஆனால் கணக்குச் சரிதான்.

இன்று வேகம் கூடிவிட்டது, பிரச்சினை போய்விடும் என்றுதான் எதிர்பார்த்திருக்கவேண்டும். வேகத்தோடு கடிதமும் கொழுத்துவிட்டது. கைத்தொலைபேசியில் எடுக்கும் படம் ஒன்று 3 மெகாபைட் வரும். நாலு படம் இணைத்தால் 12. மின்னஞ்சலில் போவதற்காகப் படத்தை எழுத்துகளாக மாற்றும்போது மூன்றில் ஒரு பங்கு கூடி 16 மெகாபைட் ஆகிவிடும். இப்போது கணக்குப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மென்பொருள் தானாகப் போய்ப் பார்க்கிறது. எட்டு மணி நேர வேலைநாளில் 48 தடவை. ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு கடிதம் மட்டும் திரும்ப இறங்கினாலே 768 மெகாபைட். டொங்கிளில் டேட்டா போட்டு ஓடும் சிறிய சங்கம் ஒன்றுக்கு இது சின்னத் தொகையல்ல. "போன கிழமைதான் டேட்டா போட்டது, அதுக்குள்ள முடிஞ்சிட்டுது" என்று பொருளாளர் முறைக்கும்போது, அந்தத் தங்கச்சி வீடியோ பார்த்ததாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள். அவள் பார்த்திருக்கமாட்டாள். நாலு படம் போட்ட ஒரு பயிற்சிப்பட்டறைக் கடிதம் அவளுடைய பெயரைக் கெடுத்துக்கொண்டிருக்கும்.

மின்வெட்டும் இதே வேலையைச் செய்யும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த நாட்களில் மின்சாரம் வந்தவுடன் எல்லோரும் கணணியைப் போட்டு அவசரமாகக் கடிதம் எடுப்போம். எடுத்துக்கொண்டிருக்கும்போதே ‘டப்’ என்று போகும். குவிட் சொல்ல மென்பொருளுக்கு ஏது நேரம்? அதைவிட மோசம், பதிவுக் கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் போனால் அந்தக் கோப்பே சிதைந்துபோகலாம். பிறகு ஒவ்வொரு நாளும் எல்லாக் கடிதமும் புதுக்கடிதம்தான்.

இனி உங்கள் அலுவலகத்தில் எது நடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எதையும் அமத்துவதற்கு முன் ஒரு கொப்பியை எடுத்து இரண்டு நாள் எழுதுங்கள். எத்தனை மணிக்கு, எத்தனை கடிதம் இறங்கியது, எல்லாம் பழையதா, சில மட்டுமா. ஒரேயொரு தடவை மட்டும் எல்லாக் கடிதமும் திரும்ப இறங்கி, மறுநாளிலிருந்து ஒழுங்காகிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. மின்னஞ்சல் சேவை தருபவர்கள் சேர்வரை மாற்றியிருப்பார்கள், இலக்கங்கள் மாறியிருக்கும். இரட்டித்தவற்றை அழித்துவிட்டு வேலையைப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் எல்லாமே இறங்குகிறது, பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை என்றால் பதிவுக் கோப்பில்தான் சந்தேகம். குறிப்பிட்ட சில கடிதங்கள் வந்து, பிறகு ‘நேரம் முடிந்தது’ என்பது போல ஒரு பிழைச் செய்தியுடன் நிற்கிறது என்றால் நடுவில் ஒரு பெரிய கடிதம் வழியை மறிக்கிறது.

இவை ஒன்றும் இல்லாமல், ஒருவருடைய கடிதம் மட்டும் இரண்டு மூன்றாக வருகிறதா? அப்படியானால் உங்கள் கணணியை விட்டுவிடுங்கள். அவருடைய கணணி அதை இரண்டு மூன்று தடவை அனுப்புகிறது. அதே கடிதம் கிடைத்த வேறு யாரிடமாவது கேட்டால் உறுதியாகிவிடும்.

வழிமறிக்கும் பெரிய கடிதத்தை எடுப்பது சுலபம். மென்பொருளை மூடிவிட்டு, இணைய உலாவி வழியாக உங்கள் மின்னஞ்சல் கணக்குக்குள் நேரே போங்கள். சேவை தருபவர்கள் அதற்கென ஒரு இணைய முகவரி தந்திருப்பார்கள். அங்கே கடிதங்களை அளவின்படி வரிசைப்படுத்தினால் பூசணிக்காய் போல ஒன்று மேலே வந்து நிற்கும். தேவையான படங்களைக் கணணியில் சேமித்துவிட்டு அந்தக் கடிதத்தை அங்கேயே அழித்துவிடுங்கள். இதோடு, மென்பொருள் சேர்வருக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டலாம். பழைய அவுட்லுக்கில் அது ஒரு நிமிடம் என்று இருக்கும், பத்து நிமிடம் வரை தள்ளலாம். கடிதம் இறங்கும்போதே அதைச் சோதிக்கும் அன்டிவைரஸ் சில வேளை நடுவில் நின்று பிடித்துவைத்துக்கொள்ளும். மின்னஞ்சலைச் சோதிக்கும் அந்தப் பகுதியை மட்டும் சிறிது நேரம் நிறுத்தி, மாற்றம் தெரிகிறதா என்று பார்க்கலாம். அன்டிவைரஸை முழுதாக நிறுத்தவேண்டாம்.

பதிவுக் கோப்பு பழுதென்றால், தண்டர்பேர்டில் அது ‘பொப்ஸ்டேட்’ என்ற பெயருடைய சிறிய கோப்பு. கணக்கின் சேர்வர் செட்டிங் பக்கத்தின் கீழே கடிதங்கள் சேமிக்கப்படும் போல்டர் எது என்று எழுதியிருக்கும். அதற்குள் இருக்கும். மென்பொருளை மூடிவிட்டு அந்தக் கோப்பின் பெயரை மாற்றிவிடுங்கள், அழிக்கவேண்டாம். மீண்டும் திறந்தால் புதிய பதிவுப் புத்தகம் ஒன்றை அது தானே தொடங்கும். சேர்வரில் உள்ள எல்லாக் கடிதமும் கடைசியாக ஒரு தடவை இறங்கும். எனவே சேர்வரில் குவிந்திருப்பவற்றை முதலில் குறைத்துவிட்டு, நல்ல லைன் உள்ள நேரத்தில் செய்வது புத்தி. பழைய அவுட்லுக் எக்ஸ்பிரஸ் பாவித்த காலத்திலும் இதேபோல ஒரு கோப்பு இருந்தது. அந்த மென்பொருள் இன்று வழக்கில் இல்லை. இன்னும் எங்காவது ஒரு பழைய கணணியில் ஓடுகிறதென்றால் அதைத் திருத்த மினக்கெடாமல் கடிதங்களைப் பத்திரமாக வேறு கணணிக்கு மாற்றிவிடுங்கள்.

இவ்வளவும் வேலைக்கான விடயம். நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறொன்று.

பழைய கடிதங்கள் திரும்பத் திரும்ப இறங்குவதை எல்லோரும் ஒரு தொல்லையாகத்தான் பார்க்கிறார்கள். அது ஒரு செய்தியும்கூட. அழித்துவிட்டோம் என்று நினைத்த கடிதங்கள் அழியவில்லை, சேர்வரில் அப்படியே இருக்கின்றன, கடவுச்சொல் தெரிந்த எந்தக் கணணி போய்க் கேட்டாலும் அது எடுத்துக் கொடுக்கும் என்பதுதான் அந்தச் செய்தி.

எங்கள் சங்கங்களுக்கு வரும் கடிதங்கள் எப்படியானவை என்று உங்களுக்குத் தெரியும். அடிவாங்கிய ஒருத்தி சொன்னதை உத்தியோகத்தர் எழுதி அனுப்பியது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை கேட்பதற்கான விபரங்கள். நுண்கடன்காரர் வீட்டுக்கு வந்து பேசிய பேச்சுகள். அடையாள அட்டையின் பிரதி, வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம், பிள்ளையின் வைத்திய அறிக்கை. இவற்றைத் தபாலில் அனுப்பினால் கடித உறையில் ‘அந்தரங்கம்’ என்று எழுதி, கோப்பில் போட்டு, அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொள்வோம். அதே விபரம் மின்னஞ்சலில் வந்தால், இன்பொக்சில் அழித்ததோடு கடமை முடிந்ததென்று இருந்துவிடுகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தில் சில வருடங்களுக்கு முன் நடந்தது இது. அவர்களுக்குப் புதுக்கணணி கிடைத்தது. பழையதை இன்னொரு கிராமத்து முன்பள்ளிக்குக் கொடுத்தார்கள். நல்ல மனதோடு செய்தது. கொடுக்கும் முன் கோப்புகளையெல்லாம் அழித்தார்கள். மின்னஞ்சல்கள் இருந்த போல்டரையும் அழித்தார்கள். பதிவுப் புத்தகமும் அந்தப் போல்டருக்குள்தான் இருந்தது, அதோடு அதுவும் போயிற்று. ஆனால் மின்னஞ்சல் கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் மென்பொருளின் வேறொரு இடத்தில் இருந்தன. அவற்றை யாரும் நினைக்கவில்லை. முன்பள்ளியில் பிள்ளைகளின் பாட்டுகளை எடுப்பதற்காக ஆசிரியை டொங்கிளைப் போட்டார். கணணி திறக்கும்போதே மின்னஞ்சல் மென்பொருளும் தானாகத் திறக்கும்படி இருந்தது. அது வழக்கம்போலச் சேர்வருக்குப் போனது. கையில் பதிவுப் புத்தகம் இல்லை, எனவே எல்லாமே புதுக்கடிதம். மூன்று வருடக் கடிதங்கள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. பெயர், ஊர், யார் அடித்தது, எப்போது அடித்தது, எல்லாம் முன்பள்ளித் திரையில்.

நல்லகாலம், அந்த ஆசிரியை விளங்கிய பெண். இரண்டு கடிதத்தின் தலைப்பைப் பார்த்ததும் டொங்கிளைக் கழற்றிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, சங்கத்துக்குப் போன் எடுத்தார். "அக்கா, இது நான் பார்க்கிற சாமான் இல்ல. உடனே வாங்க" என்றாராம். அவர் இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால்? அந்தக் கடிதங்களில் பேசப்பட்ட ஆண்களில் ஒருவருக்கு அந்தக் கிராமத்தில்தான் தாய்வீடு. இங்கே ஒரு கரையில் சொன்னது மறுகரைக்குப் போக அரை நாள் போதும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நம்பிச் சொன்ன பெண் அதற்குப் பிறகு எந்தச் சங்கத்தின் வாசற்படியும் மிதிக்கமாட்டாள். சட்டத்துக்கு வருவோமென்றால், 2022 இல் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அதற்குப் பயந்து செய்யவேண்டிய காரியமல்ல இது என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே கணணியை யாருக்காவது கொடுக்கும்போதும், விற்கும்போதும், திருத்தக் கொடுக்கும்போதும்கூட, முதலில் மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றுங்கள். கடிதங்களை அழிப்பது இரண்டாவது வேலை. கடவுச்சொல் மாறினால் பழைய கணணி எத்தனை தடவை கதவைத் தட்டினாலும் சேர்வர் திறக்காது. வேலையை விட்டுப் போகும் உத்தியோகத்தர் தன் சொந்த போனில் சங்கத்தின் கணக்கை வைத்திருந்தாலும் இதே மருந்துதான். யாரையும் சந்தேகிப்பதாக அவர் மனம் நோகலாம். பொறுப்புக் கையளிக்கும் பத்திரத்தில் திறப்புகள், ரப்பர் முத்திரை, காசோலைப் புத்தகம் என்று எழுதுகிறோமே, அதில் கடவுச்சொல் மாற்றியதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் யாருக்கும் மனக்குறை வராது.

இதைக் கேட்ட ஒரு தலைவி அம்மா, "அப்ப அந்தச் சரி அடையாளத்தை இண்டைக்கே எடுத்துவிடுவம், சேர்வரில ஒண்டும் நிக்கவேணாம்" என்றார். அவசரப்படவேண்டாம் என்றேன். அந்த அடையாளத்தை எடுத்தால் கடிதத்தின் ஒரே பிரதி எங்கள் அலுவலகக் கணணியில்தான் இருக்கும். 2011 ஜனவரி வெள்ளத்தில் எத்தனை அலுவலகங்களில் தண்ணீர் ஏறியது என்பதை மறந்துவிடக்கூடாது. கணணி நனைந்தால் எல்லாம் போய்விடும். நடுவழி ஒன்று இருக்கிறது. ‘இத்தனை நாட்களுக்குப் பிறகு சேர்வரிலிருந்து அகற்று’ என்று அதே இடத்தில் ஒரு கட்டம் இருக்கும். 14 நாள் என்று போடுங்கள். மாத முடிவில் முக்கியமான கடிதங்களை ஒரு வெளித் தட்டில் பிரதி எடுத்து, அலுமாரியின் மேல்தட்டில் பூட்டி வையுங்கள். ஒரே கணணி, ஒரே ஆள், லைனும் மட்டமட்டம் என்ற நிலையில் உள்ள சிறிய சங்கத்துக்கு இது போதும்.

இரண்டு மூன்று பேர் வேறு வேறு கணணியிலும் போனிலும் ஒரே கணக்கைப் பார்க்கிறீர்கள் என்றால் பொப் முறையையே விட்டுவிடுவது நல்லது. ‘ஐமேப்’ என்று இன்னொரு முறை இருக்கிறது. 1986 அளவில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் உருவாக்கியது. அதில் கடிதங்கள் சேர்வரிலேயே இருக்கும், எல்லோரும் அங்கே இருப்பதையே பார்ப்பார்கள். ஒருவர் வாசித்தால் மற்றவருக்கும் வாசித்ததாகக் காட்டும், ஒருவர் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். இலக்கம் குறிக்கும் பதிவுப் புத்தகத்தை நம்பி இருக்கவேண்டியதில்லை என்பதால் இந்த இரட்டிப்புத் தொல்லை அநேகமாக இல்லை. ஆனால் சங்கத்துக்குக் கொடுத்திருக்கும் இடம் நிரம்பிவிட்டால் புதுக்கடிதங்கள் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். ஆகவே மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட்டித் துடைக்கவேண்டும். யார் துடைப்பது என்று கூட்டத்தில் பெயர் குறித்து முடிவெடுங்கள். இல்லாவிட்டால் அதுவும் அந்தத் தங்கச்சியின் தலையில்தான் விழும்.

சங்கத்தின் கணக்கு ஜிமெயிலில் இருந்து, அதை அலுவலகக் கணணி பொப் முறையில் எடுப்பதென்றால், ஜிமெயிலின் செட்டிங் பக்கத்தில் ஓர் இடத்தைக் கவனியுங்கள். ‘ஏற்கெனவே இறங்கியவை உட்பட எல்லா அஞ்சலுக்கும்’ என்ற தெரிவும் ‘இப்போதிலிருந்து வருபவற்றுக்கு மட்டும்’ என்ற தெரிவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். முதலாவதைத் தெரிந்து சேமித்தால், பல வருடக் கடிதங்கள் இறங்கத் தொடங்கும். அன்றைக்கு டேட்டா போட்டவர் பாவம்.

ஏற்கெனவே குவிந்துகிடக்கும் இரட்டைக் கடிதங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். தண்டர்பேர்டில் இரட்டித்தவற்றைத் தேடி அகற்றும் இலவசத் துணைநிரல்கள் இருக்கின்றன. அதற்கு முன் போல்டர் முழுவதையும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாகக் கையால் அழிக்கப் போகவேண்டாம். ஆயிரம் கடிதம் அழிக்கும் கை, நடுவில் கிடக்கும் ஒரு புதுக்கடிதத்தையும் சேர்த்து அழித்துவிடும். அது யாரோ ஒருத்தி பல நாள் யோசித்து அனுப்பிய கடிதமாக இருக்கக்கூடும். அவளுக்குப் பதில் வராது, ஏன் வரவில்லை என்று அவளுக்குத் தெரியவும் வராது. துணைநிரலை ஓட்டுவதற்கு முன், கடைசி இரண்டு கிழமைக் கடிதங்களை மட்டும் திகதிப்படி வரிசைப்படுத்தி, வாசிக்காதவற்றை வேறொரு போல்டருக்கு நகர்த்திவிடுங்கள். அரை மணித்தியால வேலை.